ஒற்றைத் துகளின் காந்தம்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம் நோக்கி நீளும் கடற்கரையில், அலை பின்வாங்கும் இடங்களில் கருமணல் கோடுகோடாகப் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினால் சில பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், பல ஒட்டா. கண்ணுக்குத் தெரியும் மணலில் இச்சோதனை எளிது. மணற்பருக்கையைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய துகள் எவ்வளவு வலிய காந்தம், தன் திசையை எவ்வளவு காலம் காத்து நிற்கும் என வினவினால் விடை அத்துணை எளிதன்று.

இவ்வினாவுக்கும் அக்கரைக்கும் தொடர்பு உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கத்தில் 1971ஆம் ஆண்டு அணு உலை ஆராய்ச்சிக்கெனத் தொடங்கப்பெற்ற மையம், 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அங்கு அணு உலை ஆய்வு மட்டுமே நடைபெறுகிறது என்று எண்ணுவோர் பலர். காந்தப் பாய்மங்களும் அங்கு ஆராயப்படுகின்றன. ஏறத்தாழ 10 நானோமீட்டர் விட்டமுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்களை எண்ணெயில் மிதக்கவிட்டு, அவ்வெண்ணெயை நீரில் நுண்துளிகளாக்கினால், காந்தப்புலத்தில் அத்துளிகள் சங்கிலிபோல் அணிவகுத்து நிறம் காட்டும். காந்தமூட்டிய எஃகுத் தகட்டில் குறை உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். அங்கு இப்பாய்மத்தின் நிறம் மாறும். கண்ணுக்குப் புலப்படாத குறையை நிறத்தால் அறியும் இம்முறையை அம்மையத்தின் அறிவியலாளர்கள் 2012இல் வெளியிட்டனர். மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் ‘ஸ்க்விட்’ என்னும் மீக்கடத்தி உணரிகளும் அங்கு உருவாக்கப்பெற்றுள்ளன.

ஆயினும் பாய்மத்தின் நிறமோ, மாதிரிப் பொருளை முழுமையாக அளக்கும் ஸ்க்விட் காந்தமானியோ உரைப்பது துகள் கூட்டத்தின் பண்பையே. 10 நானோமீட்டர் மேக்னடைட் துகளின் காந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ 25,000 போர் மேக்னட்டான். அத்தகைய துகள்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் அக்காந்தமானிக்கு எட்டும் குறிப்பு கிடைக்கும். கிடைப்பது சராசரி.

சராசரி இங்கு ஏன் போதாது? நுண்காந்தத் துகளின் திசையை வெப்பம் இடைவிடாது அலைக்கழிக்கிறது. அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றல் துகளின் பருமனைப் பொறுத்தது. திசை மாறுவதற்கு ஆகும் காலமோ அவ்வாற்றலோடு அடுக்குக்குறி வேகத்தில் கூடுகிறது. தோராயக் கணக்கு ஒன்றே இதை விளக்கும். அறை வெப்பநிலையில் 10 நானோமீட்டர் மேக்னடைட் துகள் சில நானோ விநாடிகளில் திசை மாறிவிடும். விட்டம் மும்மடங்கானால் பருமன் 27 மடங்காகும். அத்துகள் சில ஆண்டுகள்வரை தன் திசையைக் காக்கும். ஒரே குடுவையில் இவ்விருவகைத் துகள்களும் கலந்திருந்தால், அவற்றின் சராசரி இரண்டில் ஒன்றையும் குறிக்காது. புற்றுநோய்க் கட்டிக்குள் துகள்களைச் செலுத்தி, மாறுதிசைக் காந்தப்புலத்தால் சூடேற்ற முயலும் மருத்துவத்தில் இவ்வேறுபாடு நோயாளியின் உடலிலேயே வெளிப்படும்: சில துகள்கள் போதிய வெப்பம் தரும்; சில வீணே கிடக்கும்.

ஒவ்வொரு துகளாகக் காண வழிவகுத்தது வருடு நுண்ணோக்கி. 1986இல் அணுவிசை நுண்ணோக்கி அறிமுகமானது. அதற்கு அடுத்த ஆண்டே, இலங்கையில் பிறந்த குமார் விக்ரமசிங்கேயும் அவருடன் பணியாற்றிய மார்ட்டினும் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் அதன் ஊசியைக் காந்தமாக்கிக் காந்தவிசை நுண்ணோக்கியைப் படைத்தனர். மெல்லிய சிலிக்கான் சட்டம் ஒன்றின் முனையில் கூரிய ஊசி இருக்கும். அதன்மேல் பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் பூசப்பட்டிருக்கும். சட்டம் தன் இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி அதிர்ந்துகொண்டே பரப்பை வருடும். முதல் வருடலில் மேடுபள்ளங்கள் பதிவாகும். இரண்டாம் வருடலில் ஊசி சில பத்து நானோமீட்டர் உயர்ந்து அதே பாதையில் செல்லும். அவ்வுயரத்தில் குறுவிசைகள் ஓய்ந்துவிடும். காந்தவிசை எஞ்சி, சட்டத்தின் அதிர்வைச் சிறிது மாற்றும்.

கேட்பதற்கு நேர்த்தியான முறைதான். இடர் ஊசியிலேயே உள்ளது. அதுவும் ஒரு காந்தம்; முனையின் வளைவே பல நேரங்களில் அளக்கப்படும் துகளைவிடப் பெரிது. ஊசி நெருங்கினால் சிறு துகளின் காந்தம் அதன் பக்கமாகத் திரும்பிவிடும். அப்போது துகளின் இயல்பான திசையை எவரும் காண இயலாது. ஊசி விலகினாலோ குறிப்பே மறையும்: இரு காந்தங்களுக்கு இடையேயான விசைச்சரிவு தொலைவின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொலைவு இருமடங்கானால் குறிப்பு 32இல் ஒரு பங்காகும்.

மின்விசையும் காந்தவிசையைப்போல் தோற்றம் காட்டும். துகளின்மேல் ஏறிச் செல்லும் ஊசி அடித்தளத்தைவிட்டு விலகுகிறது. அதனால் அடித்தளத்தின் மின்னீர்ப்பு குறைய, காந்தமே இல்லாத துகளும் ஒரு குறிப்பைத் தரும். ஆகவே ஊசியின் காந்தத் திசையை மாற்றி மீண்டும் அளப்பர். திசை நிலைத்த துகளாயின் ஈர்ப்பு விலக்காகும். ஊசியின் பக்கம் திரும்பிவிடும் துகளாயின் இருமுறையும் ஈர்ப்பே தோன்றும். அதன்பின் காந்தம் பூசாத ஊசியால் அதே துகளை மற்றொரு முறை வருடுவர். அப்போதும் தோன்றும் குறிப்பைக் கழித்தபின் எஞ்சுவதே அத்துகளின் காந்தக் கணக்கில் சேரும்.