முயல் சாப்பிடவில்லையா? கூட்டின் அடியைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முயல் நேற்று இரவிலிருந்து கரட்டைக்கூடத் தொடவில்லை. காதையும் ஓயாமல் சொறிகிறது. வெயில் தணிந்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, திருக்கோவில்

வெயில் தணியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முயலின் குடல் ஓயாமல் இயங்கவேண்டியது. 12 மணித்தியாலம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசர நிலைதான். கூட்டின் அடியைப் பாருங்கள்: சுகமான முயலின் புழுக்கை கடலையளவு உருண்டையாக, ஏராளமாகக் கிடக்கும். அது சிறுத்துக் குறைந்திருந்தால் குடல் மந்தமாகிவிட்டது.

பல்லும் காரணமாகலாம். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். நாடி எச்சிலில் நனைந்திருந்தால் பல்லைச் சந்தேகிக்கலாம். கரட் அதற்குச் சோறல்ல, பலகாரம். பாண், விசுக்கோத்து அறவே வேண்டாம். கினிப்புல்லோ அறுகோ நாள் முழுதும் முன்னால் இருக்கட்டும்.

காதுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்ணிறப் பொருக்கு தெரிந்தால் சிற்றுண்ணியின் வேலை. பொருக்கைக் கிள்ளினால் புண்ணாகும். வைத்தியர் தரும் ஐவர்மெக்டினில் தானாக உதிரும். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும், வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினும் முயலின் உயிருக்கே ஆபத்து.

வெயிலையும் விட்டுவிட முடியாது. முயலுக்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டை வைக்காதீர்கள். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கம்பி வலைத் தளமென்றால் ஒரு பலகைத் துண்டும் போடுங்கள், பாதம் புண்ணாகாது.