முதலில் நாட்காட்டி, பிறகு ஜூம்

எங்கள் கல்லூரி மாணவர்களை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களோடு இணையவழியில் பேசவைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தச் செயலி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எதுவானாலும் ஓடும். இரண்டு ஊர் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

அவர்களுடைய குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். நமக்கோ அப்போது செமஸ்டர் தேர்வு நெருங்கிவிடும். நம் அடுத்த செமஸ்டர் சூடுபிடிப்பதற்குள் அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை, அது முடிந்தால் இங்கே பொங்கல். பிப்ரவரியில் அவர்கள் வகுப்பு முடிந்துவிடும். மிஞ்சுவது நாலைந்து வாரம்; அதற்குள் அடங்குவதை மட்டும் திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி. இங்கே பிற்பகல் 3 என்றால் அங்கே காலை 10.30. கல்லூரிப் பேருந்தும் தப்பாது.

"உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று விட்டால் இங்கிருந்து பரதநாட்டியம் போகும், அங்கிருந்து பீர் திருவிழா வரும். 1997இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய 'குல்தூரா' திட்டத்தில் அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே வாக்கியத்தைத் தனித்தனியே முடித்துவிட்டு, பிறகு எதிரெதிரே வைத்துப் படிப்பார்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த வழியைத்தான். "நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்பவர்..." என்று கொடுத்தேன். நம் பிள்ளைகள், குழம்பு கொடுத்தனுப்புபவர் என்றார்கள். அவர்கள், இரவில் சத்தம் போடாதவர், நாம் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்றார்கள். "அப்படியென்றால் வீட்டுச் சாவியையே கொடுப்பீர்களா?" என்று இங்கே ஒரு பெண் அசந்துபோனாள். "சாவி தருவோம், சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால்தான் பிடிக்காது." குழம்புப் பாத்திரத்தை எப்படித் திருப்புவீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வெறும் பாத்திரமாகத் தரமாட்டோம் என்ற பதிலிலிருந்து கடன், நன்றி, எது எதிர்பார்ப்பு என்று அந்த மணி நேரம் முழுக்கப் பேச்சு ஓடியது.

மதிப்பெண் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பாடமாகவும் மறுபக்கத்துக்குத் தன்னார்வமாகவும் வைத்தால், இன்டர்னல் டெஸ்ட் வாரத்தில் தன்னார்வம் காணாமல் போகும். பதிவு பட்டனைத் தொடுவதற்கு முன் எல்லோரிடமும் அனுமதி வாங்குங்கள். தனிப்பட்ட பேச்சைச் சம்மதமின்றிப் பதிவுசெய்வது ஜெர்மனியில் குற்றம்.

குழுவுக்கு நால்வர், இரண்டுக்கு இரண்டு. ஆசிரியர் அந்தக் குழுவின் இணைய அறைக்குள் போகாமலிருப்பது உத்தமம். நான் நுழைந்தால் நம் பிள்ளைகள் பேச்சை நிறுத்தி "குட் ஆஃப்டர்நூன் சார்" என்கிறார்கள். பிறகு நான் வெளியேறும்வரை ஜெர்மன்காரர்கள்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.