எழுத்து ஓவியமாகும் பொழுது

படித்த கதையைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவது எளிய வேலை என்றுதான் நாங்கள் எண்ணினோம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது. ஓவியர் மணியம் அதற்குச் சித்திரங்கள் தீட்டினார். ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலை இயக்குநர் மணிரத்னம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு திரைப்படங்களாக்கினார். நூல் வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. திரைப்படமோ முதலில் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தைக் காட்டுகிறது. எழுத்தாளர் நம்மோடு பேசிக்கொண்டே மெல்ல அழைத்துச் செல்லலாம். திரையில் கதையின் பகையும் ஆபத்தும் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாற்றத்திற்குக் காரணம் இதுவே என நினைக்கிறோம்.

நாங்களும் விடுமுறையில் இராசிங்காபுரத்தில் ஒரு தோழியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முதல் அத்தியாயத்தை ஆறு படங்களாக வரைந்தோம். ஏரிக்கு 74 கணவாய்கள் என்பதைக் கல்கி ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். நாங்கள் அவற்றை வரைந்தே ஒரு தாளை நிரப்பினோம்!

தோழியின் பாட்டி எழுத்தறியாதவர். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தே காலம் கழித்தவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இந்தப் பய சந்தோசமாப் போறானா, கவலையாப் போறானா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அவன் மனத்தில் ஓடும் நினைவுகளை நூல் சொல்கிறது. நாங்களோ குதிரையை மட்டும் அழகாக வரைந்திருந்தோம்.

பள்ளி திறந்ததும் எங்கள் சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் சிலுவைப்பாதையின் 14 நிலைகளை நினைவூட்டினார். ஒரு நிலைக்கு ஒரே நிகழ்ச்சி. இடைப்பட்ட வழியை நம் மனமே நடந்து கடக்கிறது. அதன்படி கணவாய்த் தாளை நீக்கினோம். பரந்த ஏரிக்கு ஒரு படம், ஆடிப்பெருக்குக் கூட்டத்திற்கு ஒரு படம், வந்தியத்தேவனின் முகத்திற்கென்றே ஒரு படம் எனப் புதிதாக வரைந்தோம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்காக அந்த அத்தியாயத்தை நான்கு முறை படித்தோம். அதுவரை நாங்கள் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

புதிய படங்களைக் கண்ட பாட்டி, "அப்புறம் என்னாச்சு?" என்றார். அதற்குமேல் எங்களிடம் படம் இல்லை. நூலை எடுத்து உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினோம். இப்பொழுது ஞாயிறுதோறும் பாட்டி எங்களுக்காகத் திண்ணையில் காத்திருக்கிறார்.

தோழியரே, நீங்களும் ஒரு கதையை வரைந்து பாருங்கள்; வரைந்ததை எழுத்தறியாத ஒருவருக்குக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்வியே நமக்குச் சிறந்த பாடம்.