தொடக்க ஆட்டக்காரர் பந்து வீசப் போன கதை

திண்டுக்கல்

அன்புள்ள மருமகனுக்கு,

இனி உன்னைத் தொடக்க ஆட்டக்காரனாக இறக்கப் போவதில்லை, ஆஃப் ஸ்பின் போட்டுப் பழகு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். அதற்காகக் கிரிக்கெட்டையே விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. மட்டையைப் பரணில் போடுவதற்கு முன்னால், நம் திண்டுக்கல் டிராகன்ஸுக்குத் தலைமை தாங்கிய அஸ்வினின் கதையைப் பொறுமையாகப் படி. 106 டெஸ்ட், 537 விக்கெட் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியைத்தான் நீ கவனித்ததில்லை.

1986-ல் சென்னையில் பிறந்த ரவிச்சந்திரன் அஸ்வின் சிறுவயதில் உன்னைப் போலத் தொடக்க ஆட்டக்காரர். பந்து வீசினால் மிதவேகம். பதின்வயதில் இடுப்புப் பகுதியில் பட்ட காயம் அவரைச் சில காலம் மைதானத்துக்கே வரவிடாமல் வைத்தது. ஆஃப் ஸ்பின் அதற்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. பொறியியலும் படித்துக்கொண்டே ஆடினார். 2006-ல் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக இறங்கும்போது வயது 20.

2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். 9 விக்கெட், ஆட்டநாயகன் விருது. இந்தப் பகுதியை எல்லோரும் சொல்வார்கள்.

நீ படிக்க வேண்டியது 2013 டிசம்பர். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 42 ஓவர் வீசினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. அடுத்த டர்பன் டெஸ்டில் அவர் பெயர் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு ஆடுகளத்துக்கு இவர் ஒத்துவர மாட்டார் என்ற பேச்சு அதன்பின் வருஷக்கணக்காக அவரைத் துரத்தியது. அவர் பேசிக்கொண்டு உட்காரவில்லை. தன் பந்துவீச்சை மறுபடி அடியிலிருந்து பார்த்தார். 2015-ல் அதே தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கு வந்தபோது 4 டெஸ்டில் 31 விக்கெட் எடுத்தார். ஆடுகளம் உதவியது உண்மைதான். ஆனாலும் அந்த 31-ஐ ஆடுகளத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

பந்துவீச்சாளர் ஆனதால் அவருக்குள் இருந்த மட்டையாளர் செத்துப் போனாரா? 2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். முதுகுவலியால் குனியக்கூட முடியாத நிலையில் இறங்கி, 128 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 39 ரன். எதிர்முனையில் தொடைத் தசைப் பிடிப்போடு ஹனுமா விஹாரி. இருவரும் கடைசி வரை நின்று டிராவாக்கினார்கள். சின்ன வயதில் புதுப்பந்தை எதிர்கொண்ட பழக்கம் அன்று கை கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டெஸ்டில் 6 சதம், 3,503 ரன் எடுத்த மனிதர் அவர்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன், ஆட்டம் வேறு. ஜப்பானின் சடாஹாரு ஓ 1959-ல் யோமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து எறிபவராக வந்தார். அங்கே அவரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். மட்டையிலும் முதல் வருஷம் படுமோசம். ஹிரோஷி அரகாவா என்ற பயிற்சியாளர் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று அடிக்கக் கற்றுக்கொடுத்தார். வாளை வீசியும் பயிற்சி நடந்தது. 1980-ல் ஓய்வு பெறும்போது ஹோம் ரன் 868. எறிபவராகவே இருப்பேன் என்று அன்று அடம்பிடித்திருந்தால் இன்று அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்?

அஸ்வின் விலகிய விதத்தையும் பார். 2023-ல் லண்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அவருக்கே இடமில்லை. அப்போது அவர் போகவில்லை. 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில், தொடரின் நடுவே, தானாக விடைபெற்று ஊர் திரும்பினார். ஐபிஎல்லிலிருந்து 2025 ஆகஸ்டில் விலகினார்.

இடையில் நம் மண்ணுக்கு அவர் செய்ததை மறக்க முடியாது. 2024 ஆகஸ்டில் சேப்பாக்கத்தில் கோவை கிங்ஸைத் தோற்கடித்து டிராகன்ஸ் முதல்முறையாகத் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்றபோது அவர் அடித்தது 52. 2025-ல் நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் திருச்சிக்கு எதிரான எலிமினேட்டரில் 3 விக்கெட்டும் 83 ரன்னும். இறங்கியது எந்த இடத்தில் தெரியுமா? தொடக்க ஆட்டக்காரராக! சர்வதேசக் கிரிக்கெட்டை முடித்த பிறகு, 38 வயதில், பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

அதனால் திங்கள்கிழமை போய்ப் பயிற்சியாளரிடம் சரி என்று சொல். தினமும் ஒரு ஸ்டம்பை நட்டு, ஒரே இடத்தில் பந்தைக் குத்தப் பழகு. நெட்டில் மட்டை பிடிப்பதையும் நிறுத்தாதே. எட்டாவதாக இறங்குகிறவனுக்கும் ஆட்டத்தைக் காப்பாற்றும் நாள் வரும். டிகிரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பாதியில் விடக் கூடாது, அதில் உன் அம்மாவும் நானும் ஒரே கட்சி. மாவட்ட லீக்குக்குப் பெயர் கொடுக்கும்போது ஆஃப் ஸ்பின்னர் என்றே எழுதிக் கொடு.

இப்படிக்கு,
உன் மாமா