பிரிண்டரைக் கேட்டு முடிவெடுங்கள்: வீட்டுக் கணினிக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்கும் வழி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. கணினி அன்றைக்கே நின்றுவிடவில்லை, இன்னும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வீட்டுப் பயனாளர்களுக்கென ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றும் வந்தது. அது யோசிக்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை என்ன செய்வது என்பதே இப்போது பல வீடுகளில் கேள்வி.

எந்த இயங்குதளம் சிறந்தது என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பெயர் சொல்வார்கள். நாலுமே சரியாகத்தான் இருக்கும், அவரவர் மேசைக்கு. உங்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. என்ன வேலை நடக்கிறது என்று எழுதுங்கள்

கணினியில் செய்வதையெல்லாம் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். யூடியூப், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், மின்கட்டணம், வாட்ஸ்அப் வெப் என்று எல்லாம் உலாவிக்குள்ளேயே முடிந்தால் எந்த இயங்குதளமும் போதும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான்.

பட்டியலில் டேலி இருந்தால் கதை வேறு. ஃபோட்டோஷாப், கோரல் டிரா, கடையின் பில்லிங் மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் ஒன்று உங்கள் பிழைப்பு என்றால் விண்டோஸிலேயே இருங்கள். வைன் என்ற மென்பொருளைக் கொண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்திலும் ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓட்டத் தெரிந்தவர் ஓட்டட்டும். நாளைக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டியவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தமிழ்த் தட்டச்சையும் பட்டியலில் சேருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகளைப் படிக்க, அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட தட்டச்சு மென்பொருளில் அன்றாடம் வேலை செய்பவர், யுனிகோடுக்கு மாறிய பிறகு இயங்குதளத்தை மாற்றுவதே நல்லது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் இரண்டின் மீதும் வெறுப்பு வரும்.

2. பிரிண்டரின் மாடல் எண்ணைப் பாருங்கள்

இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பிறகு இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் பரவலாகக் காணும் கேனன் எல்பிபி 2900 நல்ல உதாரணம். உழைப்பாளி இயந்திரம், ஆனால் கணினியோடு பேச கேனனின் சொந்த முறையையே பயன்படுத்துகிறது. லினக்ஸில் அதை ஓட வைப்பது தெரிந்தவருக்கே தலைவலி. ஹெச்பி பிரிண்டர்கள் பலவற்றுக்கு லினக்ஸில் ஆதரவு நன்றாக இருக்கிறது. சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும். வைஃபை வசதியுள்ள புதிய பிரிண்டரின் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. டிரைவர் எதுவும் போடாமலே மேக்கிலும் லினக்ஸிலும் அச்சாகும். பழைய ஸ்கேனருக்கும் இதே விசாரணை தேவை.

3. கணினியின் வயதைக் கணியுங்கள்

ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் திறந்தால் பிராசசரின் பெயரும் ரேம் அளவும் தெரியும். இன்டெல் ஐ5-7200 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டு. 10210 என்றால் பத்து. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் முடியும், முடியாது என்று நேராகச் சொல்லிவிடும். குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி என்று அறிவித்திருக்கிறார்கள். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓட்டுவது தவம். 8 இல்லாமல் இறங்காதீர்கள்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, டிஸ்க் ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்றும் பாருங்கள். ஹெச்டிடி என்றால் முதல் செலவு அங்கேதான். எஸ்எஸ்டி போட்டதும் வரும் வேகத்தை எந்த இயங்குதளமும் தராது. மாற்றிய பிறகு, பழசே போதும் என்று தோன்றுகிற ஆட்களும் உண்டு.

4. உதவிக்கு வரப்போவது யார்?

கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் மிரளவில்லை. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் அது சும்மா கிடந்தது. ஆகவே, கூப்பிட்டால் வருகிற அக்கா மகன் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருந்தால், உங்களுக்கு நல்ல இயங்குதளம் உபுண்டுதான். கடைக்காரர் மட்டுமே கதி என்றால் விண்டோஸ். ஆனால் கிராக் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல் அடிக்கிற கணினி அது.

5. இப்போது தேர்ந்தெடுங்கள்

கணினி தகுதி பெற்று, விண்டோஸ் மென்பொருள்களும் தேவை என்றால், விண்டோஸ் 11. தகுதி இல்லாத கணினியில் அதைக் குறுக்கு வழியில் ஏற்ற முடியும். புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது என்பதால் புதியவருக்கு நான் சொல்லமாட்டேன்.

உலாவியும் கொஞ்சம் ஆவண வேலையும் மட்டும்தான், கணினி பழசு என்றால் என் ஓட்டு லினக்ஸ் மின்டுக்கு. 2006-இலிருந்து வருகிறது, இலவசம். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸில் பழகிய கை தடுமாறாத அமைப்பு. 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. சின்னமன் என்ற பதிப்பை எடுங்கள். ரேம் 4 ஜிபிக்குக் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ. அழகு முக்கியம் என்பவர் ஜோரின் என்ற லினக்ஸைப் பார்க்கலாம். உலாவி தவிர எதுவுமே வேண்டாம் என்பவருக்கு கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது. மேக்ஓஎஸ் வேண்டுமென்றால் ஆப்பிள் கணினியே வாங்க வேண்டும், அதனால் இங்கே பேச்சில்லை.

6. பென்டிரைவில் வைத்து ஓட்டிப் பாருங்கள்

மின்டின் தளத்திலிருந்து இமேஜ் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், முதலிலேயே எடுத்து வையுங்கள். அதைச் செருகி, கணினியைத் திறக்கும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும். பென்டிரைவின் வேகம் அது.

வால்பேப்பர் மாற்றி விளையாட வேண்டாம். வைஃபை சேர்கிறதா? பாட்டு கேட்கிறதா? கேமராவில் முகம் தெரிகிறதா? ஒரு பக்கம் அச்சிடுங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் செல்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்து தேடலாம். முக்கியமானது, கணினியைப் பயன்படுத்தப்போகிறவரே உட்கார வேண்டும். அப்பாவுக்கு என்றால் அப்பாதான் மவுஸைப் பிடிக்க வேண்டும், நீங்கள் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள்.

7. நிறுவுதல்

படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதி வையுங்கள். இரண்டு இயங்குதளங்களை ஒரே டிஸ்க்கில் வைப்பது தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

நிறுவி முடிந்ததும் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். டைம்ஷிஃப்டை இயக்கி வையுங்கள், ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆவண வேலைக்கான லிப்ரே ஆஃபிஸின் அமைப்பில், கோப்புகள் வேர்டு வடிவத்திலேயே சேமிக்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் திறக்கவில்லை என்று போன் வரும். தமிழுக்கு ஐபஸ் என்ற கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல், பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் கிடைக்கும்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். வாங்கும்போதே விண்டோஸ் 10 இருந்த லேப்டாப் என்றால் அதன் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்தால் ஆக்டிவேஷன் தானாக நடக்கும்; புதிதாகச் சாவி வாங்கச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.