தேர்வில் தேறினால் போதுமா?

கேள்வி: ஐயா, அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய சீனாவில் தேர்வில் தேறிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லையாமே, உண்மையா?

பதில்: சம்பளமும் மரியாதையும் நிச்சயம். நிம்மதி அப்படியல்ல. சுங் வம்சக் காலத்துக் கவிஞரும் அதிகாரியுமான சு ஷியைப் பாருங்கள். சிச்சுவான் பகுதியின் மெய்ஷான்காரர். 1057இல், இருபது வயதில், தம்பியோடு சேர்ந்தே தேறினார். விடைத்தாளில் பெயரை மறைத்ததோடு, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எழுத்தர்களைக்கொண்டு நகலெடுத்த பிறகே திருத்தக் கொடுத்த காலம் அது. தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியு, கட்டுரையைத் தம் சீடர் எழுதியதாக நினைத்து, பழிக்கு அஞ்சி இரண்டாமிடம் தந்தாராம்!

வேலையில் அமருமுன் தாயார் இறந்தார். பெற்றோர் இறந்தால் 27 மாதம் பதவியில்லாமல் துக்கம் காக்க வேண்டும். தந்தை இறந்தபோது மறுபடியும் அதே.

உண்மையான சிக்கல் பிறகுதான். அமைச்சர் வாங் அன்ஷியின் சீர்திருத்தங்களை எதிர்த்ததால் வெளியூர்ப் பதவிகளிலேயே காலம் ஓடியது. உப்பு வணிகத்தில் அரசு காட்டிய கெடுபிடியால் மலைவாசிகள் உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பாடினார். 1079இல் அதுபோன்ற கவிதைகளே குற்றச் சான்றாகின. நூறு நாளுக்கு மேல் சிறை. எந்த எழுத்து வேலை வாங்கித் தந்ததோ அதுவே உள்ளே தள்ளியது.

பிறகு ஹுவாங்சோவுக்கு நாடுகடத்தல். வருமானம் சுருங்கிவிட்டது. மாதப்பிறப்பன்று 4,500 செப்புக்காசுகளை 30 முடிப்பாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார். காலையில் கவைக்கோலால் ஒரு முடிப்பை இறக்கியதும் கோலை ஒளித்துவைத்துவிடுவார், இன்னொன்றை எடுத்துவிடக் கூடாதே! மிஞ்சிய காசு விருந்தாளிகளுக்காக மூங்கில் குழாய்க்குள் போகும். ஊரின் கிழக்குச் சரிவில் பயிரிட்ட நிலம்தான் 'துங்போ' என்ற பெயரைத் தந்தது.

சீர்திருத்தங்களை எதிர்த்த சொந்த அணி ஆட்சிக்கு வந்தபோதாவது பேசாமல் இருந்தாரா? வாங்கின் திட்டங்களை எல்லாம் ஒழிக்காதீர்கள், ஊழிய வேலைக்குப் பதில் பணம் கட்டும் முறை நல்லது என்று வாதிட்டு, அவர்களையும் பகைத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது. 1089இல் ஹாங்சோவின் ஆட்சியாளராகப் போய், பாசி மண்டிய மேற்கு ஏரியைத் தூர்வாரி, அந்தச் சேற்றிலேயே கரை எழுப்பினார். இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

1094இல் காற்று மாறியது. மறுபடியும் நாடுகடத்தல்: ஹுய்சோ, பிறகு ஹைனான் தீவு. மன்னிப்புப் பெற்றுத் திரும்பும் வழியில் 1101இல் சாங்சோவில் இறந்தார். மறு ஆண்டே அரசின் கறுப்புப் பட்டியலில் அவர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டது. நூல்களுக்கும் தடை வந்தது.