கடலில் கிணறு, கையில் அளவுமானி
(கருவியியல் துறை, மூன்றாம் ஆண்டு)



தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த பெட்ரோல் பங்க்கிலும் 5 லிட்டர் அளவுக் குவளை இருக்கும். சந்தேகம் வந்தால் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. அதாவது 0.5 சதவீதம். சரி, அந்த எண்ணெய் பூமியிலிருந்து முதன்முதலாக வெளியே வரும்போது எப்படி அளக்கிறார்கள்? நம்ம பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற ஆரிஃபிஸ் தகடுதான் அங்கே முக்கியமான ஆள்!

கிணறு சோதனை ஏன்?

பாண்டிச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், கடலுக்குள் பி.ஒய்-3 எண்ணெய் வயல் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உற்பத்தி தொடங்கியது 1997-ல். கிணறுகளின் வாய் கடலடியில். எண்ணெயையும் வாயுவையும் பிரித்தது மிதக்கும் கலத்தில்.

இப்படிப்பட்ட இடத்தில் பணம் போடும் முன் கிணற்றைச் சிறிது காலம் ஓடவிட்டு எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் அளப்பார்கள். பிறகு மூடிவைத்து அழுத்தம் ஏறுவதைக் குறிப்பார்கள். பாறை எவ்வளவு வழிவிடும் என்ற கணக்கு இதிலிருந்துதான் வரும். ஓட்ட அளவில் 10 சதவீதம் பிழை என்றால் அந்தக் கணக்கிலும் அதே 10 சதவீதம் பிழை. ரிக் வாடகையோ நாள் கணக்கில் ஏறும். மறுபடி அளப்போம் என்று சுலபமாகச் சொல்ல முடியாது.

பிழை எங்கே நுழைகிறது?

1. கலம் ஆடினால் செப்பரேட்டருக்குள் திரவ மட்டமும் ஆடும். எண்ணெயோடு வாயுக் குமிழி போனால் டர்பைன் மீட்டர் வேகமாகச் சுற்றி, கூடுதலாகக் காட்டும்.

2. செப்பரேட்டர் அழுத்தத்தில் அளந்த எண்ணெய், தொட்டிக்கு வந்ததும் கரைந்த வாயுவை விட்டுச் சுருங்கும். இந்தத் திருத்தத்தைப் போட்டே ஆகவேண்டும்.

3. ஆரிஃபிஸ் தகட்டின் கூர்விளிம்பு தேய்ந்தாலும், தகட்டைத் திருப்பிப் போட்டாலும், வாயு குறைவாகவே காட்டும்.

வர்க்கமூலத்தின் வேலை

ஓட்டம், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரின் பிழை முழு அளவில் 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டம் 100% – அழுத்த வேறுபாடு 100% – ஓட்டத்தில் பிழை சுமார் 0.13%
ஓட்டம் 50% – அழுத்த வேறுபாடு 25% – பிழை 0.5%
ஓட்டம் 30% – அழுத்த வேறுபாடு 9% – பிழை 1.4%
ஓட்டம் 10% – அழுத்த வேறுபாடு 1% – பிழை சுமார் 12.5%

கருவி அதேதான், காலிபரேஷன் சான்றிதழும் அதேதான். ஆனால் முள் அடியில் நின்றால் பிழை நூறு மடங்கு! கிணறு சோதனையில் சோக்கை மாற்றி மாற்றி ஓடவிடுவதால் ஓட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓட்டம் குறைந்தால் சிறிய துளையுள்ள தகட்டுக்கு மாறவேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமலே தகட்டை மாற்றும் அறைகள் இதற்காகவே உண்டு. துளையின் விட்டம் கணக்கில் வர்க்கமாக வருவதால், விட்டத்தில் 1 சதவீதம் தவறினால் ஓட்டத்தில் சுமார் 2 சதவீதம் தவறும். கணக்கில் போடவேண்டியது கேஜ் அழுத்தம் அல்ல, தனி அழுத்தம் என்பதையும் மறக்கக்கூடாது.

நமக்கு என்ன?

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியபோதே கருவியியலை ஒரு பாடமாக வைத்தது. ஓட்டமானிகளைச் சரிபார்க்க பாலக்காட்டில் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் 1987-லிருந்து இருக்கிறது. ஆனால் நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்குத் தகட்டை மைக்ரோமீட்டரால் அளந்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் நம்மைப்போல் டிப்ளமோ முடித்தவர்தான். மேலே உட்கார்ந்து முடிவெடுப்பவருக்குக் கிணறு தெரியாது. நாம் எழுதிய எண்தான் தெரியும்.

எனவே லேபில் டெட் வெயிட் டெஸ்டர் முன்னால் நிற்கும்போது, ரெகார்டு நோட்டை முடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 'இந்தக் கருவியின் பிழை எவ்வளவு?' என்பதோடு, 'முள் இப்போது எங்கே நிற்கிறது?' என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்பவனே கருவியியல் படித்தவன்!